மாஸ்டரின் பூட்டு

என் துணிப்பையின் ஜிப்பில் ஒரு சின்னப் பித்தளைப் பூட்டு தொங்குகிறது. தொங்குகிறதே தவிர, நான் அதைப் பூட்டியதில்லை. அமுக்கினால் மூடிக்கொள்ளும் வகை அது. ஒருமுறை அமுக்கிவிட்டால் பிறகு என்னால் திறக்க முடியாது. சாவி என்னிடம் இல்லை. ஏதாவது ஊர் பஸ் நிலையத்தில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள், பூட்டு திறந்து கிடக்கிறது என்று அக்கறையாகச் சொல்வார்கள். தெரியும் என்பேன். அது ஒரு காலத்தில் மாஸ்டருடைய அக்கார்டியன் பெட்டியில் தொங்கியது.

அருப்புக்கோட்டையில் ஒரு மெல்லிசைக் குழுவுக்கு நான் கொஞ்ச காலம் வேன் ஓட்டினேன். அதற்கு முன் லாரியில் கிளீனர், எர்ணாகுளத்தில் ஹோட்டல் வேலை, திருப்பூரில் பனியன் கம்பெனி. பரளச்சிப் பக்கத்து மானாவாரிக் காட்டில் பிறந்தவன். மழை பொய்த்த ஒரு வருஷம் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்குப் பிறகு ஓர் ஊரில் நிலைத்திருக்க எனக்குத் தெரியவில்லை. அந்தக் குழுவில் அக்கார்டியன் வாசித்தவரைத்தான் எல்லாரும் மாஸ்டர் என்றோம். பகலில் அவர் விசைத்தறி ஓட்டும் தறிக்காரர். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். குழுவின் ஓனர் அவருடைய தங்கையைக் கட்டிய மச்சான். சொந்தத் தறியை விற்றுத்தான் மச்சான் அந்தக் குழுவையே தொடங்கியிருந்தார்.

மாஸ்டருடைய சந்தேகம் எந்த அளவுக்கு என்றால், அக்கார்டியன் பெட்டியை வேனில் ஏற்றுவதற்கு முன் அதன் கைப்பிடியில் ஓர் இழை நூலைச் சுற்றி, தறிக்காரர்கள் அறுந்த பாவு நூலை இணைக்கும் முடிச்சைப் போட்டுவைப்பார். இறங்கியதும் முதல் வேலை அந்த முடிச்சைப் பார்ப்பது. அந்த முடிச்சு எங்களுக்கு வராது என்று அவருக்குத் தெரியும். நூலுக்குக் கீழே பூட்டு. சாவி இடுப்பில் அரைஞாண் கயிற்றில். டீக்கடையில் டீ வாங்கினால் முதலில் என்னைக் குடிக்கச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் செத்துவிழவில்லை என்றதும் அவர் குடிப்பார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. லாரி ஷெட்டில் என்னை இதைவிடக் கேவலமாகச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மூலம் ஒரு மஞ்சள் காமாலை. அந்தக் காலத்தில் அக்கார்டியன், குழுவின் மற்ற சாமான்களோடு மச்சான் வீட்டில்தான் இருக்கும். கச்சேரி இல்லாத வாரம் மாஸ்டர் தன் வீட்டுக்கு எடுத்துப்போய்த் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பார். அவர் காமாலையில் படுத்துக் கிடந்தபோது, ஒரு சர்ச் விழாவுக்கு வேறொருவர் வாசிக்க மச்சான் அதைக் கொடுத்தனுப்பிவிட்டார். திரும்பி வந்த அக்கார்டியனில் ஒரு கட்டை ஊமையாகியிருந்தது. அமுக்கினால் காற்று போகும், சத்தம் வராது. கழற்றி நல்ல நாக்கை எடுத்துக்கொண்டு ஓட்டை நாக்கைப் போட்டுவிட்டார்கள் என்று மாஸ்டர் முடிவுகட்டினார். அக்கார்டியனுக்குள் ஒவ்வொரு கட்டைக்கும் சின்னச் சின்ன உலோக நாக்குகள் உண்டு. காற்று படும்போது அவை அதிர்ந்துதான் சத்தம் வரும். அதை விற்றுவிட்டார் மச்சான் என்பது அவர் கட்சி. அன்று அக்கார்டியனைத் தன் வீட்டுக்குத் தூக்கிப்போனவர், பிறகு தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. தங்கை மகளின் வளைகாப்புக்குக்கூடப் போகவில்லை. குழுவில் மட்டும் தொடர்ந்து வாசித்தார். வேறு எங்கே வாசிப்பது? ஆனால் மச்சானிடம் தெலுங்கு பேசுவதை நிறுத்திவிட்டார். தேவைப்பட்டால் தமிழில், அதுவும் மூன்றாம் மனிதரிடம் சொல்வதுபோல, "ஓனர் அவுககிட்ட சொல்லு, மைக்கு கிர்ருங்குது" என்று என் வழியாகப் பேசுவார். ஓனர் அவுக ரெண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பார்.

வீட்டில் கதவும் பூட்டும் உள்ள ஒரே அறை தறி ஓடும் அறை. பெட்டியை அங்கே பரணில் வைத்தார். யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது என்று, கதவைச் சாத்திக்கொண்டு, தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே அங்கேயே வாசித்துப் பழகினார். அப்படிப் பாதுகாத்தும் கட்டைகள் ஒவ்வொன்றாக ஊமையாகிக்கொண்டே வந்தன. ஒவ்வொரு கட்டை சாகும்போதும் மச்சான்மேல் கோபம் ஒரு படி ஏறியது. அன்றைக்குக் கண்டவன் கையை உள்ளே விட்டதால்தான் எல்லாம் தளர்ந்து போகிறது என்பார். செத்த கட்டையைத் தாண்டி வாசிப்பதற்காகப் பாடகரைச் சுருதியை அரைக்கட்டை ஏற்றிப் பாடச் சொல்வார். பாடகர் ஒருநாள் என்னிடம், "அவுக பொட்டிக்கு வாய் போச்சு, எனக்குத் தொண்டை போகுது" என்றார்.

மாஸ்டருடைய தங்கை வேன் நிற்கும் இடத்துக்கு வந்து எனக்கு எப்போதாவது பலகாரம் தருவார். தருவது எனக்கு, பார்ப்பது அண்ணன் உட்காரும் முன் சீட்டை. "எங்கண்ணன என்னைக்காச்சும் இங்கிட்டு இழுத்துட்டு வாங்க தம்பி. ஒரு வாய் காப்பி குடிச்சாப் போதும். வேற ஒண்ணும் பேச வேணாம்" என்பார். ஒரு தெரு தள்ளி இருக்கும் வீட்டுக்கு ஓர் ஆளை இழுத்துவர என்னிடம் வழியில்லை. எர்ணாகுளத்துக்கு என்றால் டிக்கெட் எடுத்துக் கூட்டிப்போயிருப்பேன்.

இந்த நேரத்தில்தான் டவுனில் பேனர் ஏறியது. அக்கார்டியன் விழா, பகலில் பயிற்சியும் பழுதுபார்ப்பும், மாலையில் கச்சேரி, எல்லாம் இலவசம். திருச்சுழி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். நடத்துகிறவர் சென்னையில் சினிமா ரெக்கார்டிங்குகளில் வாசித்து ஓய்ந்தவர். இது அவருடைய அம்மா பிறந்த ஊர் என்றும் அதனால் இங்கே நடத்துகிறார் என்றும் சொன்னார்கள். ஒருவரும் நம்பவில்லை. குமாரலிங்கபுரத்துப் பக்கம் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து, வெள்ளைச் சட்டையோடு காரில் வந்து இறங்குகிற எவரும் எங்கள் பக்கத்தில் நிலத் தரகர்தான். டீக்கடைக்காரர் தெளிவாகவே சொன்னார்: "அம்மா ஊருன்னா கோயிலுக்கு ஒரு மணி வாங்கிக் குடுத்துட்டுப் போவான். பொட்டி வாசிக்க எதுக்கு மண்டபம் பிடிக்கிறான்?" எனக்கும் சந்தேகம்தான். இலவசக் கண் பரிசோதனை என்று உட்காரவைத்துச் சீட்டு சேர்த்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். மாஸ்டருக்கு வேறு பயம். பழைய வெளிநாட்டு அக்கார்டியன்களின் நாக்குகளை உருவிக்கொண்டு தகர நாக்கை மாட்டிவிடும் கூட்டம் இது என்றார்.

ஆனாலும் போனார். கடைசி நாள் கச்சேரியில் உள்ளூர்க்காரர் ஒருவர் வாசிக்க வேண்டும் என்று அவரைக் கேட்டிருந்தார்கள். அந்த ஆசை அவரை விடவில்லை. ஊமைக் கட்டைகளோடு அந்த மேடையில் ஏறவும் மனம் ஒப்பவில்லை. அந்தக் கடைசி நாள் காலையிலேயே பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வேனில் வந்தார். பழுதுபார்க்கும் மேசையில், மாலைக் கச்சேரிப் பட்டியலுக்கும் சேர்த்துப் பெயர் கேட்டபோது, கண் இமைக்காமல் மச்சானுடைய பெயரைச் சொன்னார். வெளியே வந்து நான் ஏன் என்று கேட்டேன். "நாளைக்கு ஏதும் வில்லங்கம் வந்துச்சுன்னா அவுகளத் தேடட்டும்" என்றார்.

மண்டபத்துக்குள் நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை. நிலம் பற்றி ஒருவரும் பேசவில்லை. காரைக்குடியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வந்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து, துருத்தியை எப்படி இழுத்தால் தோள் வலிக்காது என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கன்னியாஸ்திரீ தன் உயரத்துக்குப் பாதி இருக்கும் அக்கார்டியனைக் கட்டிக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். விற்பனை எப்போது தொடங்கும் என்று நானும் மாஸ்டரும் கதவோரம் காத்திருந்தோம். தொடங்கவில்லை. அதுவே மாஸ்டருக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

பழுதுபார்த்தவர் புதுச்சேரியிலிருந்து வந்த ஓர் அம்மா. முறை வந்ததும் மைக்கில் பெயரைக் கூப்பிட்டார்கள். அது மச்சானுடைய பெயர். அந்த மைக்செட்டே மச்சானுடையதுதான். விழாவுக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டு மேடைக்குப் பின்னால் ஒயரோடு நின்றுகொண்டிருந்தார். "நான் பொட்டி ஏதும் குடுக்கலையே" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், மேசையில் இருந்த பெட்டியைப் பார்த்தார், இடுப்புக் கயிற்றில் சாவியைப் பிடித்தபடி நின்ற மாஸ்டரைப் பார்த்தார். விலகிப் போகாமல் அங்கேயே நின்றுவிட்டார்.

"என் கண்ணு முன்னாடிதான் கழட்டணும்" என்றார் மாஸ்டர். அந்த அம்மா சரி என்று சொல்லி, குறட்டால் ஊசிகளை உருவி, துருத்தியைத் தனியாகப் பிரித்தார். வரிசையாக நாக்குகள் தெரிந்தன. எல்லாம் பழையவை, ஒரே மாதிரி. எதையும் யாரும் மாற்றியதில்லை என்றார். ஊமையான நாக்குகளின் இடுக்கில் மட்டும் பஞ்சு அடைத்திருந்தது. ஊசியால் நெம்பி ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணிமேல் வைத்தார்.

மாஸ்டர் அசரவில்லை. "இத யாரு உள்ள வச்சா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை.

"நீங்க எங்க ஒக்காந்து வாசிப்பீங்க?" என்று அந்த அம்மா கேட்டார்.

"தறி ரூம்ல."

"இழுக்கிற காத்துல இருக்கறதைத்தான் இது குடிக்கும்."

மாஸ்டர் குனிந்து துணியைப் பார்த்தார். சும்மா வெள்ளைப் பஞ்சு இல்லை. சாயம் போட்ட நூலின் பஞ்சு. ஊதா, அரக்கு, மாம்பழ மஞ்சள். தறிக்காரர்களுக்குத் தாங்கள் ஓட்டிய பாவின் நிறம் மறக்காது. விரல் நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு, "இது போன தைக்கு ஓட்டுனது. இது பக்கத்து வீட்டுக் கல்யாணத்தப்ப" என்று முணுமுணுத்துக்கொண்டே போனவர், முதலில் செத்த கட்டையிலிருந்து வந்த உருண்டையில் நின்றுவிட்டார். அது நீலம். அதை வெகுநேரம் உருட்டிக்கொண்டிருந்தார். "நீலம் நான் காமாலையில படுக்குறதுக்கு முன்னாடி ஓட்டுனது. அதுக்கப்புறம் நீலமே ஓட்டல" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, பஞ்சிடம் சொன்னார். மச்சான் வீட்டில் தறி இல்லை. சர்ச்சிலும் தறி இல்லை.

நிமிர்ந்து மச்சானைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ சொன்னார். நாலைந்து வார்த்தை இருக்கும். எனக்கு அந்தப் பாஷை பிடிபடாது. மன்னிப்புக் கேட்டாரா, மைக் கிர்ரென்கிறது என்றாரா, இன்றுவரை தெரியாது. மச்சான் "ம்" என்றார். பிறகு ஒயரைச் சுருட்டிக்கொண்டு மேடைப் பக்கம் போனார். போகும்போது தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மாலைக் கச்சேரியில் மாஸ்டர் வாசித்தார். பேர் மாற்றிக் கொடுத்தது அப்படியே இருந்ததால் அறிவிப்பாளர் மச்சான் பெயரைச் சொல்லித்தான் மேடைக்கு அழைத்தார். இரண்டு பேருமே திருத்தவில்லை. தாண்டிப் போக வேண்டிய கட்டை ஒன்றுகூட இல்லாமல் அவர் வாசித்ததை அன்றுதான் முதலில் கேட்டேன். இருந்தும் பழக்கதோஷத்தில் இரண்டு இடத்தில் தாண்டினார்.

இறங்கியதும் பெட்டியோடு வேனில் ஏறிக்கொண்டார். எங்கே போக என்று கேட்டேன்.

"தங்கச்சி வீட்டுக்கு ஓட்டு. தறி இல்லாத வீடு அது ஒண்ணுதான் இருக்கு" என்றார், அதற்கு மேல் எந்தக் காரணமும் இல்லை என்பதுபோல.

வாசலில் எங்களைப் பார்த்ததும் தங்கை உள்ளே ஓடினார். பெட்டியை வைக்கக் கட்டிலில் இடம் ஒதுக்கினார். காப்பி வந்தது. மாஸ்டர் டம்ளரை என் பக்கம் நீட்டப் போனார், தங்கையைப் பார்த்தார், பிறகு தானே குடித்தார். குடித்து முடித்ததும் பெட்டியிலிருந்து பூட்டைக் கழற்றி என் கையில் போட்டார். "நீ ஊர் ஊராத் திரியுற ஆளு. பையில மாட்டிக்க."

சாவி என்றேன்.

"அது எதுக்கு ஒனக்கு?" என்றார்.

அந்த ஐப்பசியில் நான் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டேன். போன தடவை அந்தப் பக்கம் போனபோது தங்கை வீட்டுக் கட்டிலில், துண்டு போர்த்தி, பூட்டில்லாமல் இருந்தது பெட்டி. சாயங்காலமானால் மாஸ்டர் வாசிக்க வந்துவிடுகிறார். மச்சானோடு தெலுங்கில் சண்டையும் போடுகிறார். பேனரில் சொன்னபடி சென்னைக்காரர் ஒன்றும் விற்காமல் போய்விட்டதை மட்டும் இன்னும் அவர் நம்பவில்லை. ஏதோ இருக்கிறது, பின்னால் தெரியும் என்கிறார். சாவியை மறுபடி கேட்டேன். இடுப்பைத் தட்டிக்காட்டிச் சிரித்தார்.

இப்போது இதை எழுதும்போதும் பூட்டு வாய் திறந்துதான் தொங்குகிறது. சில நேரம் அதை அமுக்கிவிடலாமா என்று தோன்றும். அமுக்கினால் என் பையை நானே திறக்க முடியாது. திறப்பதற்கு அருப்புக்கோட்டைக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.