டோக்கன் எண்ணில் ஒரு லாட்டரிச் சீட்டு

பிள்ளைகளே, அரசாங்க லாட்டரி புதிதாக வந்திருந்த சமயம். ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பீடிக்கடையில் சீட்டுகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். மேலே இருக்கும் சீட்டை யாரும் எடுக்க மாட்டார்கள். நடுவிலிருந்துதான் உருவுவார்கள். அதிர்ஷ்டம் உள்ளேதான் ஒளிந்திருக்கும் என்று எல்லாருக்கும் ஒரு நினைப்பு. நாங்கள் கோலார் சுரங்கத்தில் தங்கத்தைத் தோண்டி எடுக்கிறவர்கள் அல்லவா! பக்கத்து வீட்டுக்காரர் அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் பலகையில் மாட்டியிருந்த பாட்டு எண்ணைத் தேடுவார். என்னோடு ஷிஃப்ட் போகும் கூட்டாளி, சீட்டு எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது வரவேண்டும் என்பான்.

ஒருநாள் அவன் அப்படிக் கூட்டிக்கொண்டிருந்தபோது, என் டோக்கன் எண்ணில் முடியும் சீட்டு ஒன்று என் கைக்கு வந்தது.

"யோவ் மச்சான், உன் நம்பரே வந்து நிக்குதுய்யா! உடாத, வாங்கு."

"அண்ணே, இது உங்களத் தேடிக்கினு வந்திருக்குது" என்றார் கடைக்காரரும். வாங்கிவிட்டேன்.

டோக்கன் என்றால் உங்களுக்குத் தெரியாது. சுரங்கத்தில் இறங்குமுன் அவரவர் எண் பொறித்த பித்தளை வில்லையை ஜன்னலில் கொடுப்போம், உள்ளே ஆணியில் மாட்டிவைப்பார்கள். மேலே வந்ததும் திரும்ப வாங்குவோம். ஷிஃப்ட் முடிந்தும் ஆணியில் ஒரு வில்லை தொங்கினால், அந்த ஆள் இன்னும் கீழேதான் இருக்கிறான் என்று பொருள்.

வீட்டில் சீட்டைக் காட்டியதும் உங்கள் அம்மா முகம் மாறிப்போனது.

"இது உங்க டோக்கன் நம்பராச்சே?"

"ஆமா. அதான் அதிர்ஷ்டம்."

"வாணாம். குடுத்துட்டு வந்துடுங்க."

"இன்னாத்துக்கு?"

"தெனமும் அந்த நம்பருதான் உங்கள மேல கொண்ணாந்து உடுது. அதுகிட்டயே போயி துட்டும் குடுன்னு கேப்பீங்களா? ஒண்ணக் குடுத்துட்டு ஒண்ணப் புடுங்கிக்கினா இன்னா பண்றது?"

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் பாறை வெடித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மறுநாள் விடிகாலை எழுந்து பார்க்கிறேன், அடுப்பு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ராத்திரி தூங்கவே இல்லை போலிருக்கிறது. சாப்பாட்டுத் தூக்கை நீட்டினாள். ஒரு காகிதத்துண்டுக்கும் பாறைக்கும் சம்பந்தம் ஏது? எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் நான் கீழே இறங்கினால் எட்டு மணி நேரமும் மேலே பயத்தோடு உட்கார்ந்திருப்பவள் அவள்தானே.

ஷிஃப்ட் விட்டதும் நேரே கடைக்குப் போய், அந்தச் சீட்டைத் திருப்பிக் கொடுத்து வேறு சீட்டு கேட்டேன்.

"வீட்ல வாணாம்னாங்களா? அப்போ எந்த நம்பரு வேணும்ண்ணே?"

"எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத நம்பரு."

"எல்லாரும் சம்பந்தம் தேடிக்கினு வராங்க. நீங்க ஒருத்தருதான் இப்படி!"

தேடிப் பார்த்தேன். அது லேசான வேலையாக இல்லை. ஒன்றில் பெரியவன் பிறந்த தேதி இருந்தது. இன்னொன்றில் கம்பெனி கொடுத்த எங்கள் லைன் வீட்டு எண். வேறொன்று சுரங்கத்துக்குள் நான் வேலை செய்த ஆழத்தின் லெவல் எண். எந்த எண்ணைப் பார்த்தாலும் அதில் நம்மவர் யாராவது ஒருவர் இருந்தார். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, யாரும் தொடாத மேல் சீட்டையே பிய்த்துக்கொண்டு வந்தேன்.

அம்மா அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது யாருதும் இல்லியே?"

"யாருதும் இல்ல."

அன்றைக்குத்தான் சரியாகச் சாப்பிட்டாள்.

குலுக்கல் முடிந்து பேப்பர் வந்தது. எங்கள் சீட்டுக்கு ஒன்றுமில்லை. "அந்தப் பழைய நம்பரையும் பாத்துடலாம் மச்சான்" என்று கூட்டாளி பேப்பரை விரித்தான். நான் பிடுங்கி மடித்துவிட்டேன். பரிசு விழுந்திருந்தால், உன்னால போச்சு என்று ஆயுசுக்கும் அவளை ஒரு பார்வை பார்த்திருப்பேன். விழாமல் இருந்தால், பார்த்தியா, அது வெறும் நம்பருதான் என்று குத்திக்காட்டியிருப்பேன். இரண்டும் எங்களுக்கு வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் அவளாகவே கேட்டாள். "அந்த நம்பரு இன்னா ஆச்சு?"

"பாக்கல."

"நெசமா?"

"நெசமாத்தான்."

"பாக்காதீங்க" என்றாள். "கை கழுவிக்கினு வாங்க, சோறு ஆறுது."