நடுவில் வைத்த மீன்கூடை

மாதவிலக்கு நிற்கும் வயதில் உடம்பு அனலாகக் கொதித்தது. டாக்டர் ஹார்மோன் மாத்திரை கொடுத்தார். கொதிப்பு அடங்கியது, ஆனால் மார்பு இரண்டும் புண்ணாக வலித்தன. அதை வெளியில் சொல்லக் கூச்சம். கணவரிடம் வாய்வு என்று சொல்லி, இரண்டு மாதம் ஓமத்தண்ணீர் குடித்தே சமாளித்தேன்.

அன்று திருவொற்றியூரில் ஷேர் ஆட்டோ ஏறினேன். பக்கத்தில், மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு ஓர் அம்மா. பள்ளத்தில் வண்டி குலுங்க, அவர் முழங்கை என் மார்பில் இடித்தது. உயிரே போய்விட்டது.

“தள்ளி உக்காரத் தெரியாதா? மீன் நாத்தம் வேற!” என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. மார்பைப் பொத்தியிருந்த என் கையைப் பார்த்தார்.

“இன்னாம்மா, மாரு வலிக்குதா?”

ஆட்டோவில் எல்லோரும் திரும்பினார்கள். “மாத்திரை சாப்டறேன். அதுலேர்ந்துதான்” என்று முனகினேன்.

“டாக்டராண்ட சொன்னியா?”

“இல்ல.”

“அவுங்களாண்ட சொல்லாம யாராண்ட சொல்லுவ?”

கூடையைத் தூக்கி எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார். ராயபுரம் வரை இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டே வந்தார். எத்தனையோ பள்ளம், ஒரு இடிகூட என்மேல் படவில்லை.

வீட்டில் கணவர் மோந்து பார்த்து, “இன்னா மீனு வாங்கியாந்த?” என்றார். அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் அவரே டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் பரிசோதித்து மாத்திரையின் அளவைக் குறைத்தார். வலி மெல்ல விட்டது.

அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்காமலே இறங்கிவிட்டேன். முகமும் சரியாக நினைவில்லை. அதனால் ஆட்டோவில் யார் மீன்கூடையோடு இருந்தாலும், அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.