வஞ்சிக்கு வந்த ஓய்வு

சந்திரகலா அரசு அலுவலகத்தில் யு.டி.சி. குமாஸ்தா, எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷன். யாருக்கு எப்போது இன்கிரிமென்ட், யாருக்கு எந்தத் தேதியில் ஓய்வு என்று இருபத்திரண்டு வருஷமாக ஊரார் முன்னேற்றத்தை எழுதியே கை தேய்ந்தவள். அவளுடைய சொந்த முன்னேற்றம் பதினோரு வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. பதவி உயர்வு இதோ வருகிறது, அதோ வருகிறது என்று சொன்ன மேலதிகாரிகள் இரண்டு பேர் ஓய்வே பெற்றுப் போய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவள் வேறு ஆள். அன்று அவள் பெயர் வஞ்சி. கையில் வாள், முதுகில் கேடயம்.

இது தொடங்கியது இரண்டாயிரத்தில். அண்ணன் மகளின் பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க, சாரம் பகுதியில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தாள். கடைக்காரன் வெற்றிவேல், பாரீசிலிருந்து சித்தப்பா மகன் கொண்டுவந்த தடித்த புத்தகம் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு முழித்தான். படமெல்லாம் பூதமும் டிராகனும், எழுத்தெல்லாம் பிரெஞ்சு.

"மேடம், உங்களுக்கு பிரெஞ்சு வருமா?"

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊரில் எட்டாம் வகுப்பு வரை பிரெஞ்சில் படித்தவளிடம் கேட்கிறானே! ஒரு பக்கம் படித்துச் சொல்கிறேன் என்று உட்கார்ந்தவள் பொழுது சாய்ந்துதான் எழுந்தாள். அது ஒரு விளையாட்டு. ஒருவர் கதையை ஓட்டுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடப்பார்கள். வெட்டு விழுந்ததா தப்பியதா என்பதை டைஸ் சொல்லும். ஜெயிக்க ஜெயிக்கப் பாத்திரத்தின் லெவல் ஏறும். முதல் நாள் வஞ்சியிடம் இருந்தது ஆறே ஆறு உயிர்ப்புள்ளி. ஒரு பெருச்சாளி கடித்துச் சாகப் பார்த்தாள்.

அப்புறம் ஏழாம் லெவல், பன்னிரண்டு, பதினேழு. ஆறு வருஷத்தில் அவள் ஒரு ஞாயிறுகூடத் தப்பவிடவில்லை. வீட்டில் கேட்டால் பஜனை மாதிரி ஒன்று என்று சொல்லிவைத்திருந்தாள். கதை ஓட்டுவது வெற்றிவேல். உப்பளத்தில் நர்ஸாக இருந்த வினோதாவும் ஐஸ் பேக்டரியில் வேலை செய்த கொளஞ்சியும் கூட்டாளிகள்.

முதலில் இருபதைத் தொட்டது கொளஞ்சியின் மந்திரவாதி இருளன்தான், இரண்டாயிரத்து மூன்றில். லெவல் அட்டவணை இருபதோடு முடிந்திருந்தது. இனி என்ன செய்வது என்று எல்லோரும் சந்திரகலாவைப் பார்த்தார்கள். சட்டதிட்டம் என்றால் அவள்தானே! அவளும் பேனாவைத் திறந்து எழுதினாள்: 'இருபதாவது லெவலை எட்டும் பாத்திரம் அடுத்த ஞாயிறு மாலையோடு பணி ஓய்வு பெறும்.' சொன்னபடியே கொளஞ்சிக்குச் சால்வை, மாலை, மிக்சர், மைசூர்பாகு. இருளனின் புள்ளிக்கணக்குத் தாளுக்கு லேமினேஷன் போட்டுச் சுவரில் அடித்தார்கள். கொளஞ்சி போட்டோவுக்குச் சிரித்தான். பிறகு மூன்று ஞாயிறு வரவில்லை. நான்காவது ஞாயிறு, திருடன் என்ற முதல் லெவல் புதுப் பாத்திரத்தோடு வந்து மேசையின் எதிர்க்கோடியில் உட்கார்ந்தான்.

இரண்டாயிரத்து ஆறு, ஜூலை மாதம். பாதாளக் கோட்டை வாசலில் வஞ்சி கடைசி அரக்கனை வீழ்த்தினாள். வெற்றிவேல் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்தான். பிறகு தலை நிமிராமல், "இருவது மேடம்" என்றான்.

ஒருவரும் கைதட்டவில்லை. அடுத்த ஞாயிறோடு வஞ்சி இல்லை.

"நாலு பேரு ஆடுற ஆட்டம், வுடுங்க மேடம். ரூலை அடிச்சிட்டாப் போச்சு" என்றாள் வினோதா.

"கொளஞ்சிக்கு ஒரு ரூலு, எனக்கு ஒரு ரூலா? சால்வை வாங்கி வைங்க, நான் கெளம்பறேன்."

வீறாப்பாகச் சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். முதலியார்பேட்டை வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நாற்பத்தாறு வயதில், காகிதத்தில் எழுதிய ஒருத்திக்காக. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அவள் ஏறிய ஒரே படிக்கட்டு அது.

செவ்வாய்க்கிழமை அவள் மேசைக்கு டிரைவர் நாராயணசாமியின் பைல் வந்தது. சம்பள ஸ்கேலின் உச்சியில் முட்டி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. விதிப்படி ஸ்டேக்னேஷன் இன்கிரிமென்ட் தர வேண்டும். மேலே ஏற இடமில்லாமல் நிற்பவருக்கு இரண்டு வருஷத்துக்கு ஒன்றாகக் கொடுப்பது. இப்படி நூறு பைல் பார்த்திருப்பாள். 'கொடுக்கலாம்' என்று எழுதப் போன கை பாதியில் நின்றது.

உச்சியைத் தொட்டவரை அரசாங்கமே வீட்டுக்கு அனுப்புவதில்லையே! மெதுவாக ஏற்றுகிறது, ஆனால் ஏற்றுகிறது. ஓய்வு வேறு, உச்சி வேறு. எஸ்டாப்ளிஷ்மென்டில் நேற்று சேர்ந்த பெண்ணுக்குக்கூடத் தெரிந்த வித்தியாசம். அதைப் போய்க் குழப்பி, நல்ல உடம்போடு இருந்த இருளனை மாலை போட்டு மூலையில் உட்கார வைத்துவிட்டாள். தனக்கு வலிக்கிறவரை அது உறைக்கவில்லை. அந்த வெட்கம்தான் அவளை அதிகம் சுட்டது.

நான்கு நாள் உட்கார்ந்து புது விதி எழுதினாள். இருபதுக்கு மேல் உயிர்ப்புள்ளி முன்போல ஏறாது. ஒரு லெவலுக்கு இரட்டிப்பு உழைப்பு. மூன்று லெவலுக்கு ஒரு முறை மனிதர் யாருக்கும் வாய்க்காத ஒரு திறன். உச்ச வரம்பு என்று ஒன்று கிடையவே கிடையாது.

ஞாயிறன்று மேசைமேல் சால்வை தயாராக இருந்தது. சந்திரகலா அதைத் தள்ளிவைத்துவிட்டுத் தாளைக் கொளஞ்சியிடம் நீட்டினாள்.

"நீ படி. நீ ஒத்துக்கிட்டாத்தான் இது செல்லும். இல்லன்னா வஞ்சி இன்னியோட போறா."

கொளஞ்சி எழுத்துக் கூட்டிப் படித்தான். கடைசிப் பத்தியில் நின்றான். 'மேற்படி ஓய்வு உத்தரவு தவறானது. இருளன் 2003 முதல் தொடர்ந்து பணியில் இருந்ததாகக் கருதி, இருபத்தொன்றாம் லெவல் வழங்கப்படுகிறது.'

"தவறானதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

"ஆமா. தப்பு என்னுது. உன் ஆளை நான்தான் ஒழிச்சிக் கட்டினேன். மன்னிச்சுக்க கொளஞ்சி."

இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் எந்தப் பைலிலும் அவள் அப்படி எழுதியதில்லை.

கொளஞ்சி தாளை மேசைமேல் வைத்தான். "மூணு வருசமா உங்கமேல கோவந்தான் மேடம். இன்னா பண்றது, உங்க வஞ்சி போறத பாக்கலாம்னு இன்னிக்கு சீக்கிரமே வந்துட்டேன்." சொல்லும்போதே அவனுக்கு வெட்கமாகிவிட்டது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

வினோதா சத்தம் போட்டுக் கைதட்டினாள். வெற்றிவேல்தான் திருதிருவென்று விழித்தான்.

"மேடம், கோட்டைக்கு உள்ள இன்னா இருக்குன்னே நான் யோசிக்கல. ஆட்டம் முடிஞ்சிதுன்னு இல்ல நெனச்சேன்."

"இப்ப யோசி. அவசரமில்ல" என்றாள் சந்திரகலா.

அவன் கண்ணை மூடி யோசித்தான். மெல்லக் கதையை எடுத்தான்: கோட்டைக் கதவு திறக்கிறது, உள்ளே இருட்டு, எங்கேயோ தண்ணீர் விழும் சத்தம். யார் முதலில் போவது?

கொளஞ்சி நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டான். அவனுடைய திருடன் இத்தனை வருஷத்தில் வஞ்சியோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது இருளனின் பழைய கரகரப்புக் குரலில், மேடம் என்பதையெல்லாம் விட்டுவிட்டு, அவளை நேராகப் பார்த்துச் சொன்னான்:

"வஞ்சி, நான் வெளக்கு புடிக்கிறேன். நீ முன்னாடி போ."