பாலம் இறங்கும் சத்தம்

எங்கள் வீடு அரியாங்குப்பத்தில், ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. கடலூர் சாலையின் இரைச்சல் வாசல்வரை வரும். அந்த இரைச்சலுக்குள்ளிருந்து என் மனைவியின் மொபெட்டை மட்டும் என்னால் தனியாகப் பிரித்துக் கேட்க முடிந்தது. பாலத்தின் ஏற்றத்தில் அது மூச்சு வாங்கும். இறக்கத்தில் தளர்ந்து, பாதியில் ஒருமுறை பட்டென்று வெடிக்கும். அந்த வெடிப்பைக் கேட்டதும் டீக்குப் பாலை அடுப்பில் வைப்பேன். அவள் வண்டியை நிறுத்திச் செருப்பைக் கழற்றும்போது பால் பொங்கியிருக்கும்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. கல்யாணமான வருஷம் ஆவணியில் ஒரே ஒரு நாள் முயன்றேன். தெருமுனைக் குழாயில் போய் மோதினேன், அதோடு சரி. நகரத்தில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலை. பஸ்ஸில் போய், மீதியை நடந்து, வெயில் சாய்வதற்குள் வீடு திரும்பிவிடுவேன். அவள் தட்டாஞ்சாவடியில் மின்சாரப் பெட்டிகள் செய்யும் சிறிய தொழிற்சாலையில் சரிபார்க்கும் மேசையில் இருந்தாள். முருங்கப்பாக்கம், மரப்பாலம், நெல்லித்தோப்பு என்று நெரிசல் மாறாத வழி. காலையில் அவள் கிளம்பியதிலிருந்து மாலை பாலம் இறங்கும்வரை எனக்கு ஒரே கவலைதான். முழுசாக வந்து சேர வேண்டும்.

வண்டி எப்போதும் அப்படி வெடித்துக்கொண்டிருக்கவில்லை. பெருந்தொற்று அடங்கி பஸ்கள் பழையபடி ஓடத் தொடங்கிய வருஷம், ஐப்பசி அடைமழையில்தான் சைலன்சர் விரிசல் விட்டது. தீபாவளிக்கு முன்பா பின்பா என்பதில் எங்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. முன்பு என்பது என் கட்சி. எங்கள் வீட்டில் இப்போதே பட்டாசு ஆரம்பித்துவிட்டதாகப் பக்கத்து வீட்டுப் பெண் கேலி செய்தாள். அதை வைத்துச் சொல்கிறேன்.

அதே வருஷம் கோடையில் மரப்பாலத்துக்கு அருகே ஒரு பஸ் அவளை ஓரத்தில் நெருக்கியிருந்தது. டீயைக் குடித்து முடிக்கும்வரை அவள் அதைச் சொல்லவில்லை. பிறகு, வண்டிக் கண்ணாடி மட்டுந்தான் போனது என்றாள். முழங்கையில் மண் ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன். அதனால் சைலன்சர் விரிசல் விட்டபோது அவள் அதைப் பழுதாகவே நினைக்கவில்லை.

"இப்ப எல்லாம் ஒதுங்கறாங்க. முன்னாடி நான் ஒருத்தி அங்க போறதே அவனுங்களுக்குத் தெரியல" என்றாள்.

சத்தம் எனக்குத் தொந்தரவாக இருக்கிறதா என்றும் கேட்டாள். இல்லை என்றேன். அது உண்மை. அதற்கு முன்பெல்லாம் அவள் வந்தது வாசல் கதவு திறக்கும்போதுதான் தெரியும். இப்போது பாலத்திலேயே தெரிந்தது. பாலத்திலிருந்து வீடுவரை உள்ள அந்தக் கொஞ்ச தூரத்துக்கு என் கவலை குறைந்தது.

ஆனாலும் படிக்கிற பழக்கம் விடவில்லை. நூலகத்தில் சாலைகளைப் பற்றி அகப்பட்டதையெல்லாம் படித்தேன். மோட்டார் புதிதாக வந்த காலத்தில் இங்கிலாந்தில் வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்துபோய் எச்சரிக்க வேண்டும் என்று சட்டம் இருந்ததாம். அவளிடம் சொன்னேன்.

"எனக்கு முன்னால நீங்க நடந்து போனா நான் எப்பங்க தட்டாஞ்சாவடி போய்ச் சேர்றது?" என்றாள்.

சத்தம் காப்பாற்றும் என்று சிலர் எழுதியிருந்தார்கள், காப்பாற்றாது என்று சிலர். சைலன்சரின் வாய் பின்பக்கம் பார்த்துத்தானே இருக்கிறது, சத்தம் பெரும்பாலும் கடந்துபோன இடத்துக்குத்தான் போகும், முன்னால் இருப்பவனுக்குத் தாமதமாகத்தான் கேட்கும் என்று ஒருவர் வாதிட்டிருந்தார். அது என்னை உறுத்தியது. சோதித்துப் பார்த்துவிடலாம் என்றேன். அவளுக்கும் சம்மதம், ஜெயிப்போம் என்று நினைத்தாள்.

மாசி மகம் முடிந்த மறு ஞாயிறு காலை, நோணாங்குப்பம் போகும் வழியில் ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு சாலைக்குப் போனோம். படகுத் துறைக்கு வரும் வெளியூர்க்காரர்கள் இன்னும் எழுந்திருக்காத நேரம். ஏற்பாடு எளிமையானது. நான் முதுகைக் காட்டிக்கொண்டு ஓரமாக நடக்க வேண்டும். தூரத்திலிருந்து அவள் வழக்கமான வேகத்தில் வருவாள். சத்தம் கேட்டதும் நான் கையைத் தூக்க வேண்டும்.

நான் கையைத் தூக்கியபோது அவள் அந்தச் சாலையின் வளைவுக்கே வந்திருக்கவில்லை. பக்கத்தில் வந்து நிறுத்தி, "பாத்தீங்களா?" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் மெய்ப்புப் பார்த்தவனுக்குத் தன் கண்மேலேயே சந்தேகம் வரும். பழகிப்போன வாக்கியத்தில் இல்லாத எழுத்தையும் கண் தானே போட்டுப் படித்துவிடும். மாதக்கணக்காக அந்த ஒரு சத்தத்துக்காகவே காத்திருந்த காது என்னுடையது. என்னை வைத்துச் சோதித்தால் என்ன தெரியும்?

மீன் வாங்கப் பக்கத்து வீட்டுப் பெண்ணும் எங்களோடு வந்திருந்தாள். அவளை நடக்கச் சொன்னோம். அந்த நேரம் பார்த்து வில்லியனூரில் இருக்கும் அவள் தங்கை போன் செய்தாள். பேசிக்கொண்டே நடக்கட்டும், எல்லாரும் அப்படித்தானே நடக்கிறார்கள் என்றேன். மொபெட் வளைவைத் தாண்டியது. நெருங்கியது. அவளை உரசாத குறையாகக் கடந்து போனது. அதற்குப் பிறகுதான் அவள் துள்ளிக் கையைத் தூக்கினாள். அதுவும் சாலையின் நடுப்பக்கமாகத் துள்ளினாள். பின்னால் ஏதாவது வந்திருந்தால் நேராக அதன்மேல் விழுந்திருப்பாள்.

"சத்தம் கேக்காம இல்லக்கா. எந்தப் பக்கம் வருதுன்னுதான் தெரியல" என்று மூச்சு வாங்கினாள்.

மீன் வாங்காமலே திரும்பினோம். அன்று மாலை இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்த என் மனைவி திடீரென்று என்னிடம் கேட்டாள்: "அப்ப இத்தன நாளும் அவனுங்க எனக்கு ஒதுங்கவே இல்லியா?"

தெரியாது என்றேன். ஒதுங்கியும் இருக்கலாம். கேட்டு ஒதுங்கினார்களா, பார்த்து ஒதுங்கினார்களா, அன்றைய நல்ல நேரமா என்று யாரால் சொல்ல முடியும்?

சித்திரையில் அவள் மின்சார ஸ்கூட்டர் வாங்கினாள். பழைய வண்டியைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்கிறோம் என்று கடைக்காரர்கள் எவ்வளவோ சொன்னார்கள். கொடுக்கவில்லை. விரிசல் விட்ட சைலன்சரோடு அதை வீட்டின் பக்கவாட்டில் தார்ப்பாய் போட்டு மூடி நிறுத்தினாள். காரணம் கேட்டதற்கு, இடத்தை என்ன அடைக்கிறது என்றாள். உண்மையில் துணி துவைக்கிற இடத்தை அடைத்துக்கொண்டுதான் நின்றது.

புதிய வண்டிக்குக் குரலே கிடையாது. மாலையானால் நான் பழையபடி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பாலத்தில் ஆயிரம் வண்டிகள் ஏறி இறங்கும், அவள் மட்டும் இறங்கமாட்டாள். பிறகு திடீரென்று கூடத்தில் நிற்பாள், சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டு. பால் அடுப்பில் ஏறியிருக்காது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்தான், டீ தாமதமான ஒவ்வொரு நாளும் எதையோ தொலைத்தவன் போல உணர்ந்தேன்.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் வர நேரமாகிவிட்டது. வாசலைத் தாண்டிச் சந்துக்கே இறங்கி, பெரிய சாலையைப் பார்த்தபடி நின்றேன். குழாய் போட அன்று முனையைத் தோண்டியிருந்தார்கள். வண்டிகள் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகச் சந்துக்குள் வந்தன. எனக்கு அது உறைக்கவில்லை. ஏதோ ஒன்று கெண்டைக்காலில் மெத்தென்று இடித்தது. குழாய்க்காரர்கள் கொட்டியிருந்த மணலில் போய் உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தால் ஹெல்மெட்டுக்குள் அவள் முகம்.

"ஏங்க, ரோட்டுல நின்னு என்ன பண்றீங்க?"

"உன்னத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்கேன்."

"நாந்தான் வந்துட்டேனே!"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுப் பெண் சிரித்தது கேட்டது. "நல்லா எதிர்பாத்தீங்க சார்" என்றாள்.

காயம் ஒன்றுமில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அவள் பாலம் இறங்கியதும் ஹாரனை இரண்டு தடவை லேசாக அழுத்தத் தொடங்கினாள். எனக்காகத்தான். நான் பாலை வைத்தேன். ஆனாலும் அது பழைய சத்தம் இல்லை. ஹாரன் அவள் சொல்லி அனுப்பும் சேதி. பழையது அவள் நடையே போல இருந்தது. அப்படியெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் சைலன்சரில் என்ன நடை என்று கேட்பாள்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். புதிய வண்டி வந்த பிறகு அவள் மேல் எதுவும் மோதவில்லை. தொழிற்சாலையில் தந்த பளபளக்கும் பச்சை மேலாடையைப் போட்டுக்கொண்டாள். பகலிலும் விளக்கை எரியவிட்டாள். பஸ் நின்றால் பின்னால் நின்றாள். இடது பக்கமாகப் புகுந்து முந்துவதை விட்டுவிட்டாள். இத்தனை நிதானம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"சத்தம் இருந்தப்ப அவன் பாத்துக்குவான்னு போனேன். இப்ப நானே பாத்துக்கறேன்" என்றாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்த ஸ்கூட்டரில்தான் காய்கறிக்கும் கோயிலுக்கும் போய்வந்தாள்.

இந்த வருஷம் பொங்கல் முடிந்ததும் அவள் பிரான்ஸ் போனாள். கல்யாணமாகி அங்கே போன எங்கள் மகளுக்குப் பேறுகாலம். மருமகனின் தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்தவர், ஊர் வழக்கில் சொல்தா. அந்தக் குடும்பத்தில் பாதிப் பேர் அங்கேதான். எனக்கு மூட்டுவலி, அத்தனை நேரம் விமானத்தில் உட்கார முடியாது. பேரன் பிறந்தான். பங்குனியில் திரும்புவதாக இருந்தது. மகள் மறுபடி வேலைக்குப் போவதற்குள் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் கிரெஷில் இடம் கிடைக்கவில்லை என்று சித்திரை ஆனது. இப்போது வைகாசி. எப்போது வருகிறாய் என்று நான் கேட்பதில்லை. கேட்டால் அவளுக்கு இரண்டு பக்கமும் இழுக்கும்.

தினமும் மாலை போனில் வருவாள், அங்கே மதியம். அவர்கள் இருப்பது பாரிஸுக்கு வெளியே ஒரு சிற்றூர். அங்கே சாலையைக் கடப்பதைப் பற்றி அவள் சொன்னதை மறக்க முடியாது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஓரத்தில் நின்றாளாம். ஒரு கார் வந்து நின்றது. ஹாரன் இல்லை, சத்தம் இல்லை. அது போகட்டும் என்று இவள் காத்திருந்தாள். இவள் போகட்டும் என்று அது காத்திருந்தது.

"அவனும் நிக்கறான், நானும் நிக்கறேன். கடசில அவன் கையக் காட்டி, போம்மாங்கறான். எதுக்குங்க நமக்காக நிக்கணும்? நாம யாரு அவனுக்கு?"

பார்த்து நிற்கிறவன் இருந்தால் சத்தம் தேவையில்லை போலிருக்கிறது என்றேன். அவள் வெளியே பார்ப்பவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் ஜன்னலும், இலை விட்ட ஒரு மரமும், ஆளில்லாத தெருவும் தெரிந்தன.

"அந்தப் பழைய வண்டிய ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி வைங்க. நின்னுக்கிட்டே இருந்தா எஞ்சின் புடிச்சுக்கும்" என்றாள்.

இத்தனை நாளாகச் சும்மா நின்ற எஞ்சினைப் பற்றி இன்று என்ன கவலை என்று கேட்க நினைத்தேன். சரி என்றேன்.

மறுநாள் மெக்கானிக்கை வரவழைத்தேன். பழைய பெட்ரோலை இறக்கிவிட்டுப் புதிது ஊற்றினார், பிளக்கைத் துடைத்து மாட்டினார். சைலன்சரையும் மாற்றிவிடலாம், மலிவுதான் என்றார். அது அப்படியே இருக்கட்டும் என்றேன். ஸ்டார்ட் செய்து காட்டப் போனவரையும் தடுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

மாலை அவள் போன் வந்தது. காத்திரு என்று சொல்லி, போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பக்கவாட்டுக்குப் போனேன். வண்டி பெரிய ஸ்டாண்டில் நின்றது. எத்தனையோ நாள் காலையில் அவள் செய்ய நான் பார்த்ததைப் போல ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு பெடலை மிதித்தேன். சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி மிதித்தேன். முழங்கால் வலித்தது. பையிலிருந்து அவள் குரல், "மெதுவா, மெதுவா, மொதல்ல கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் குடுங்க" என்றது. கொடுத்து மிதித்தேன். சுவர் அதிர்ந்தது. கொடியில் காய்ந்த துணிகளின்மேல் நீலப் புகை போயிற்று.

போனை எடுத்துச் சைலன்சர் பக்கம் பிடித்தேன். ஆக்ஸிலேட்டரை ஏற்றினேன், பாலத்தின் ஏற்றம், தளர்த்தினேன், இறக்கம். பாதியில் பட்டென்று வெடித்தது. திரையில் அவள் முகம் அசையாமல் இருந்தது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். அவள் கண்ணைத் துடைத்தபோதுதான் அறுந்துவிடவில்லை என்று தெரிந்தது.

"போதும், அணைங்க. பெட்ரோல் வீணாப் போவுது."

அணைத்தேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. மாவுக் கையோடு ஓடிவந்த அந்தப் பெண், சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துக் கேட்டாள்:

"அக்கா வந்துட்டாங்களா சார்?"

போனைத் திருப்பி அவளிடம் காட்டினேன். அவர்கள் இருவரும் பேசத் தொடங்கினார்கள். நான் உள்ளே போய், பழக்கத்தில், பாலை அடுப்பில் வைத்தேன்.