சாக்கு அடைத்த ஜன்னல்

எங்கள் ஊரான தளியில் அன்று சாரல் விடவில்லை. பிரசவமாகி வந்திருந்த மகளும் பேரனும் படுத்திருந்த அறையில் குளிருக்குக் கணப்பாகக் கரிச்சட்டியை மூட்டி வைத்தேன். பச்சை உடம்பில் காற்றுப் படக்கூடாதென்று ஜன்னலிலும் சாக்கை அடைத்தேன்.

குழந்தையைப் பார்க்க வந்த பக்கத்து வீட்டு ரத்னம்மா, கதவைத் திறந்து மகளைக் கூப்பிட்டாள். பதில் இல்லை.

“தூங்குறா, விடும்மா” என்றேன்.

“தூங்குறவ இப்படியா கெடப்பா? உள்ள காத்தோட்டமே இல்ல பெரியப்பா, தூக்குங்க.”

இருவரையும் வாசலுக்குத் தூக்கி வந்தோம். மகள் முனகினாள். குழந்தை அசையவில்லை. ரத்னம்மா அதன் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான் அதன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாரல் முகத்தில் பட்டுப்பட்டு, கடைசியில் அது சிணுங்கி வீறிட்டது.

என் பிள்ளைகளும் கரிச்சட்டிப் பக்கத்தில்தான் வளர்ந்தார்கள். அப்போது இருந்தது ஓட்டு வீடு. காற்று யாரையும் கேட்காமல் வந்து போனது. இது கான்கிரீட் வீடு; ஜன்னலை அடைத்தால் கரிப்புகை வெளியேற வழியில்லை. இப்போது எத்தனை குளிரானாலும் ஜன்னலைச் சாத்த எனக்குக் கை வருவதில்லை.