இன்னும் இரண்டு வரி

ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தை. எதிர்க்கடை ஸ்பீக்கரில், போகுமிடமெல்லாம் கேட்கும் அந்தப் பாப் காதல் பாட்டு துள்ளுகிறது. காய்கறி விற்கும் மன்னார்க்காரர் அந்தோனி என் கத்தரிக்காயைத் தராசிலேயே விட்டுவிட்டு நிமிர்கிறார்.

"இது உண்மையில பழைய கன்ட்ரி பாட்டு, தம்பி, மெதுவாப் பாடுறது. இதைப் பாடித்தான் பக்கத்தில நிக்கிற இவவைக் கலியாணத்துக்குக் கேட்டனான். ஸ்பீக்கரில திருப்பிப் பாடுற இந்தப் பிள்ளையும் நல்லாத்தான் பாடுறா. இப்ப பாட்டு உலகத்துக்கே தெரியுது."

"நீங்களும் பாடுங்களேன்!"

கண்ணை மூடிப் பாடுகிறார், பழைய வேகத்தில், கொஞ்சமும் அவசரமில்லாமல். என்ன குரல்! ஸ்பீக்கரில் பாட்டு முடிந்துவிடுகிறது. அவருக்கு இன்னும் இரண்டு வரி இருக்கிறது. எனக்குப் பின்னால் வரிசை நீள்கிறது. நான் தராசைப் பார்க்கிறேன்.

பக்கத்தில் நிற்கும் அவர் மனைவி கையமர்த்துகிறார்.

"பொறுங்கோ தம்பி. அண்டைக்கும் அவர் முழுக்கப் பாடி முடிச்ச பிறகுதான் நான் ஓம் சொன்னனான்."