ஜேர்மன் தெரிந்த எமிலியானுஸ் அண்ணை

எமிலியானுஸ் அண்ணை மொன்றியலுக்கு வந்து எட்டு வருடம். ஆனாலும் ஜேர்மனியை விட்டு இன்னும் புறப்படவில்லை. பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்களுக்கு மேல்மாடியில் குடியிருந்தார். மெற்றோ இரண்டு நிமிடம் பிந்தினாலும் "ஜேர்மனியிலை இது நடக்குமோ?" என்பார். துணி வெட்டுகிற தொழிற்சாலையில் கத்தரிக்கோலைக்கூட ஜேர்மன் கத்தரிக்கோலோடு ஒப்பிட்டு மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

உண்மையில் அந்த மனுசன் ஜேர்மனியில் அகதியாக நாலு வருடம் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினவர். கெதியாய், சூடு, கவனம், இவ்வளவுதான் அவருடைய ஜேர்மன். மனைவி கத்தரின் அக்கா அதே நாலு வருடமும் முதியோர் இல்லத்தில் கிழவிகளைக் குளிப்பாட்டினவ. அந்தக் கிழவிகள் வாய் மூடவே மாட்டார்களாம். பாஷை அக்காவிடம், பேர் அண்ணையிடம். அக்கா அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு அவர்களுடைய ஒரே மகன் நிஷான், மத்தியூ என்ற பொடியனோடுதான் இனித் தன் சீவியம் என்று வீட்டில் சொல்லிவிட்டான். "இனி இந்தப் படி ஏறாதை" என்றார் அண்ணை. ஊருக்கு என்ன சொல்வது? டொரொன்டோவில் வேலை என்றார். மகன் இருந்ததோ ரொக்ஸ்பரோவில், ரயிலில் அரைமணி நேரம். எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே மாதா கோயிலில் பூசை முடிந்ததும் "டொரொன்டோவிலை குளிர் எப்பிடி அண்ணை?" என்று விசாரிப்போம். நானும் கேட்டிருக்கிறேன், வெட்கங்கெட்டவள்.

கத்தரின் அக்காவுக்கு வேண்டியது ஒன்றுதான். யேசு பாலன் பிறந்த நத்தாருக்கு மகன் தன் மேசையில் இருந்து சாப்பிட வேண்டும். உடுப்புத் தோய்க்கும் அறையில் என் தோளில் சாய்ந்து அழுதா. "அவர் வாயாலை வா எண்டு சொன்னால்தான் அவன் வருவான், சர்மிளா."

கார்த்திகை மாதம் கோயில் மண்டபத்துக்குப் புதிய ரீவி வந்தது. ஞாயிறு பூசைக்குப் பிறகு குடும்பமாய்ப் பார்க்க நல்ல படம் வேண்டும் என்றார் ஃபாதர். அண்ணை எங்கோ நூலகத்தில் கழித்துப்போட்ட ஜேர்மன் வீடியோக் கஸற் ஒன்றோடு வந்தார். அட்டையில் ஒரு பேக்கரி, மீசைக்கார அப்பா, சிரிக்கிற அம்மா, மகன். "சுத்தமான குடும்பப் படம். ஜேர்மன்காரன் கண்டதையும் எடுக்கமாட்டான். நான் தமிழிலை சொல்லுறன்" என்று ரீவிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார்.

தொடக்கம் நல்லாய்த்தான் போனது. மாவு கொட்டுண்டது, எல்லாரும் சிரித்தோம். பிறகு பேக்கரிக்காரரின் மகன், அலுமாரி திருத்த வந்த தச்சுப் பொடியனின் கையைப் பிடித்தான். பிடித்த கையை விடவில்லை.

"ஜேர்மனியிலை கை குடுத்தா கனநேரம் வைச்சிருப்பினம்" என்றார் அண்ணை.

அடுத்த நிமிடம் இரண்டு பேரும் கொஞ்சினார்கள், வாயோடு வாய். ஐயோ மாதாவே! அண்ணைக்கு வியர்த்துவிட்டது. "ஒண்டைவிட்ட சகோதரங்கள். கனகாலத்துக்குப் பிறகு சந்திக்கினம்."

பின்வரிசை வாங்கில் இளசுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஃபாதர் கூரையைப் பார்த்தார். படத்தில் அப்பா கத்தினார், மகனின் பெட்டியைத் தெருவில் எறிந்தார். அண்ணையின் வாய் தானாய்ச் சொன்னது: "அப்பா சொல்லுறார், நீ டொரொன்டோவுக்குப் போ எண்டு."

மண்டபத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணை நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். எனக்கே பாவமாய்ப் போய்விட்டது.

கடைசிக் காட்சியில் அந்த அப்பா மகனின் வீட்டுக் கதவைத் தட்டினார். தச்சுப் பொடியன் திறந்தான். அப்பா தொப்பியைக் கழற்றி என்னவோ சொன்னார். அண்ணை வாய் திறக்கவில்லை. அப்போதுதான் மூன்றாம் வரிசையில் கத்தரின் அக்கா எழும்பினா.

"நான் சொல்லுறன். 'இண்டைக்குக் கடையைப் பூட்டிப்போட்டு வந்திருக்கிறன். கொம்மா சமைச்சு வைச்சிருக்கிறா. ரெண்டு பேரும் சாப்பிட வாங்கோ.' இதுதான் அவர் சொன்னது." அண்ணையின் பக்கம் திரும்பினா. "என்னப்பா, சரிதானே?"

பிழை என்று சொல்ல அவருக்கு ஜேர்மன் தெரிய வேண்டுமே! முழுச் சனமும் அவருடைய முகத்தைப் பார்த்தது. அவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "அப்பிடித்தான் சொன்னவர்."

நத்தார் அன்று அவர்தான் ரொக்ஸ்பரோவுக்கு ரெலிபோன் எடுத்தாராம். "ரெண்டு பேரும் சாப்பிட வாங்கோ." அதே சொல், ஒன்று கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. மத்தியானம் நான் புட்டுச் சட்டியோடு மேலே போனபோது நிஷானும் மத்தியூவும் மேசையில் இருந்தார்கள். கத்தரின் அக்கா குசினியில் அழுதுகொண்டே இறைச்சிக்கறி அள்ளினா.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. அந்தத் தகப்பன் அப்பிடியோ சொன்னவர்?"

அக்கா கண்ணைத் துடைத்தா. "கடைச் சாவியைத் திருப்பித் தா எண்டு கேட்டவர்."

உள்ளே எமிலியானுஸ் அண்ணை மத்தியூவின் சாப்பாட்டுக் கோப்பையில் இரண்டாந்தரம் புட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். "சொல்லு நிஷான், இவருக்குப் பிரெஞ்சிலை சொல்லு. ஜேர்மனியிலை தகப்பன்மார் இப்பிடித்தான்."